விரதமும் உதட்டு வெடிப்பும்: உணவு மாறும் காலத்தில் கொள்ள வேண்டிய கணக்கு

 

பாத்திரபத மாதத்து வளர்பிறைப் பஞ்சமியில் தொடங்கிச் சதுர்த்தசியில் நிறைவுறும் தசலட்சண பர்வத்தின் பத்து நாட்களும் தமிழ்ச் சமணக் குடும்பங்களின் அடுக்களை மாறுகிறது. சிலர் ஒருவேளை உணவு கொள்கின்றனர். சிலர் பாலை விடுகின்றனர், சிலர் நெய்யை விடுகின்றனர். கீரையையும் கிழங்கையும் முன்பே விட்டவர் உப்பையும் விடுகின்றனர். சாதுர்மாசம் முழுவதும் நியமம் கொள்வோரும் உளர். இவ்வாறு உணவு மாறியதும் உடலில் முதலில் குறிகாட்டும் இடங்களுள் ஒன்று உதடு. உதடு காய்கிறது, தோலுரிகிறது, வெடிக்கிறது. கடைவாயில் புண் தோன்றுகிறது. சிறு துன்பம்தான். எனினும் இதன் பொருட்டு விரதத்தைப் பாதியில் விடுவோர் உண்டு. இதனை மறைத்துக்கொண்டு நோயை வளர்ப்போரும் உண்டு. ஆகவே இச்சிறு துன்பத்தின் காரணத்தையும் தீர்வையும் ஆராய்வது இவ்வுரையின் நோக்கம்.

உதடு வெடித்தால் வீட்டில் மூன்று விளக்கங்கள் எழுகின்றன. ஒன்று, உடற்சூடு என்பது. இரண்டு, தவத்தின் அடையாளம், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது. மூன்று, விரதமே உடலைக் கெடுத்தது, விட்டுவிட வேண்டும் என்பது. மூன்றும் முழு உண்மை அல்ல. உதட்டை வெடிக்கச் செய்வது விரதம் அன்று. விட்ட பொருளுக்கு ஈடாக எதுவும் வைக்கப்படாமையே பெரும்பாலும் காரணம். எதை விட்டோம் என்பதை அறிந்தவர், அது உடலுக்கு என்ன தந்துகொண்டிருந்தது என்பதையும் அறிந்திருந்தால் விரதமும் காக்கப்படும், உடலும் காக்கப்படும்.

முதலில் உதட்டின் இயல்பைக் காண்போம். உடலின் பிற பகுதிகளில் தோலின் மேலடுக்கு தடித்தது. அதன் கீழுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் நெய்ப்பசையை ஊறச்செய்து ஈரத்தைக் காக்கின்றன. உதட்டின் சிவந்த பகுதியிலோ மேலடுக்கு மிக மெல்லியது. வியர்வைச் சுரப்பி அங்கே இல்லை. எண்ணெய்ச் சுரப்பியும் மிக அரிது. ஆகவே உடலில் நீர் குறைந்தாலும், வறண்ட காற்று வீசினாலும், வெயில் சுட்டாலும் அதன் விளைவு உதட்டில் விரைந்து தெரிகிறது. உதடு காய்ந்ததும் நாவால் ஈரமாக்குவது மனித இயல்பு. ஆனால் உமிழ்நீர் சில நொடிகளில் உலர்கிறது; உலரும்போது உதட்டின் ஈரத்தையும் உடன் கொண்டு செல்கிறது. உணவைச் செரிக்கும் பொருட்கள் உமிழ்நீரில் இருப்பதால் மெல்லிய தோல் மேலும் அரிக்கப்படுகிறது. நக்க நக்க வெடிப்பு மிகும். உண்ணாநோன்பின்போது வாயில் உமிழ்நீர் குறைந்து வறட்சி தோன்றுவதால் இப்பழக்கம் தன்னையறியாமல் கூடுகிறது.

அடுத்தது காலக் கணக்கு. காரணத்தைக் கண்டறிய எளிய வழி இதுவே. உணவு மாறிய இரண்டு மூன்று நாட்களில் உதடு காய்ந்தால் அது சத்துக் குறைவு அன்று, நீர்க் குறைவே. பல வாரங்கள் கழித்து, குறிப்பாகக் கடைவாயின் இரு புறமும் பிளந்து, நாக்கும் சிவந்து எரிந்தால் சத்துக் குறைவை ஐயுற வேண்டும். பத்து நாள் பர்வத்தில் வருவது பெரும்பாலும் முதல் வகை. நான்கு மாத நியமத்திலும், ஆண்டுக்கணக்கில் நீளும் உணவு விலக்கிலும் வருவது இரண்டாம் வகையாக இருக்கக்கூடும்.

நீர்க் குறைவை முதலில் நோக்குவோம். கதிரவன் மறைந்தபின் உண்ணாமையும் நீர் பருகாமையும் சமண இல்லங்களின் தொன்மையான ஒழுக்கம். மறைவுக்கு இரண்டு நாழிகை முன்பே உணவை முடித்து, உதயத்துக்கு இரண்டு நாழிகை பின்னரே தொடங்குவோரும் உளர். ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டு நாழிகை 48 நிமிடம். இரவு ஏறத்தாழ 12 மணி நேரம் என்று கொண்டால், முன்னும் பின்னும் 48 நிமிடங்களைச் சேர்க்க, நீரின்றி இருக்கும் காலம் ஏறத்தாழ பதின்மூன்றரை மணி நேரம் ஆகிறது. எஞ்சும் பத்தரை மணி நேரத்துக்குள் ஒரு நாளுக்கான நீர் முழுவதும் உள்ளே செல்ல வேண்டும். பகலில் வயலில் நின்றவர் மாலையில் வீடு திரும்பி இரண்டு குவளை நீரை ஒருசேரப் பருகிவிட்டுப் படுத்தால் அந்நீரில் பெரும்பகுதி சிறுநீராகக் கழியும். விடியற்காலையில் உதடு காய்ந்தே இருக்கும்.

உத்திரமேரூர் வட்டாரத்தாருக்கு இக்கணக்கை விளக்க அயலூர் உவமை வேண்டுவதில்லை. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் அவ்வூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறைக்காக உலகப் புகழ் பெற்றவை. அவற்றில் சொல்லப்படும் வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். பெய்த மழையைத் தேக்கி, மதகைத் திறக்க வேண்டிய நாளில் திறந்து, கடைமடை வரை நீர் சென்றதா என்று பார்ப்பதே ஏரி காப்போர் பணி. ஒரே நாளில் மதகு முழுவதையும் திறந்துவிட்டால் தலைமடை அழுகும், கடைமடை காயும். உடலுக்கும் இதுவே முறை. காலையில் உணவு தொடங்கும் நேரம் முதல் மாலை வரை மணிக்கு ஒரு குவளை என்று பிராசுக நீரைப் பிரித்துப் பருக வேண்டும். வெயிலில் உழைப்போருக்கு இன்னும் மிகுதியாக வேண்டும். சிறுநீர் வெளிர் நிறமாக இருந்தால் கணக்குச் சரி. அடர்மஞ்சளாக இருந்தால் கணக்கில் குறை. இதயநோயோ சிறுநீரக நோயோ உடையவர் மட்டும் மருத்துவர் வகுத்த அளவை மீறலாகாது.

ஒருவேளை உணவு நோன்பில் நீரையும் அவ்வேளையிலேயே பருகுவோர் உண்டு. உணவு ஒருவேளை, காய்ச்சிய நீர் பகல் முழுவதும் என்று கொள்வோரும் உண்டு. எவ்வகை நோன்பு என்பதை விரதம் ஏற்கும் முன்பே தெளிவாகத் தீர்மானிக்க வேண்டும். வயலில் நாற்று நடும் நாட்களில் முதல் வகையை ஏற்று, நண்பகலில் மயங்கி விழுவது தவத்தின் மேன்மை ஆகாது. முனிவர் நின்ற நிலையில், கையையே கலமாகக் கொண்டு, நாளுக்கு ஒருமுறை மட்டுமே உணவும் நீரும் ஏற்கின்றனர். அது மகாவிரதிகளின் நெறி. இல்லறத்தாருக்கு வகுக்கப்பட்டது அணுவிரதம். இரண்டின் வேறுபாட்டை அறிந்து நடப்பதும் அறிவுடைமையே.

இனிச் சத்துக் குறைவு. தத்துவார்த்த சூத்திரம் புறத்தவம் ஆறு என வகுக்கிறது. அவற்றுள் நான்காவது ரச பரித்தியாகம், அதாவது சுவைப் பொருட்களை விடுதல். பால், தயிர், நெய், எண்ணெய், வெல்லம், உப்பு என்னும் ஆறும் அவ்வாறு விடத்தக்க ரசங்கள் என்று மரபு கூறும். நாவை வெல்வதே இதன் நோக்கம். இப்பட்டியலின் முதல் இரண்டு பொருட்களை உணவறிவின் கண்கொண்டு நோக்குங்கால் ஓர் உண்மை புலப்படும். புலால் உண்ணாத குடும்பத்துக்கு ரைபோஃப்ளேவின் என்னும் பி2 வைட்டமினைத் தரும் முதன்மைப் பொருட்கள் பாலும் தயிருமே. உதட்டின் நலத்தோடு மிக நெருங்கிய தொடர்புடைய சத்து அது.

இத்தொடர்பு அறியப்பட்ட வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் இடம் உண்டு. நீலகிரியின் குன்னூரில் அமைந்திருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டபிள்யூ. ஆர். அய்க்ராய்டும் பி. ஜி. கிருஷ்ணனும் 1936ஆம் ஆண்டில் கடைவாய்ப் புண்ணைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அரிசியையே பெரிதும் நம்பிய எளிய உணவில் வளர்ந்த தென்னிந்தியச் சிறுவரிடம் காணப்பட்ட அப்புண்ணுக்குப் பி2 வைட்டமின் குறைவே காரணம் என்று அவர்கள் கூறினர். 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செப்ரெல், பட்லர் என்னும் இருவர் ரைபோஃப்ளேவின் குறைந்த உணவால் உதடு சிவந்து கடைவாய் பிளப்பதை வெளியிட்டனர். குன்னூர் ஆய்வுக்கூடம் பின்னாளில் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. ஆகவே கடைவாய்ப் புண்ணை வெறும் சூடு என்று தள்ளிவிடுவது, தமிழ் மண்ணிலேயே கண்டறியப்பட்ட ஓர் உண்மையை மறப்பதாகும்.

ஒரு கணக்கைக் காண்க. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிகிராம் வரை ரைபோஃப்ளேவின் வேண்டும். 100 மில்லி பாலில் ஏறத்தாழ 0.2 மில்லிகிராம் உள்ளது. பால், தயிர், மோர் என்று நாளுக்கு அரை லிட்டர் பாலின் அளவு கொள்பவர் ஏறத்தாழ 1 மில்லிகிராமை அதிலிருந்தே பெற்றுவிடுகிறார். ஓர் இல்லத்தின் மருமகள் சாதுர்மாசம் தொடங்கியதும் பால், தயிர் இரண்டையும் நான்கு மாதம் விடுவதாக நியமம் கொள்கிறாள் என வைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் சிற்றுயிர் மிகும் என்பதால் கீரையையும் அவ்வீட்டில் விட்டுவிட்டனர். முதல்நாள் சோற்றை உண்ணலாகாது என்பதால் காலையில் நீராகாரமும் இல்லை. எஞ்சியது தீட்டிய வெள்ளரிசிச் சோறும் நீர்த்த பருப்புக் குழம்பும். தவிட்டோடு பி வகை வைட்டமின்களின் பெரும்பகுதி ஆலையிலேயே போயிற்று. கஞ்சி வடித்ததில் இன்னும் சிறிது போயிற்று. ஒவ்வொரு நியமமும் தனித்தனியே நன்று. நான்கும் ஒரே காலத்தில் ஒரே உடலில் கூடியதே குறை. இரண்டாம் மாதத்தில் அவளுடைய கடைவாய் பிளந்தால் அதற்குத் தர்மம் காரணம் அன்று.

இதற்கு மரபிலேயே மருந்து உண்டு. ஆறு ரசங்களையும் ஒருசேர விடாமல், வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கு ஒன்றாக விடும் வழக்கம் சமணரிடம் உள்ளது. ஒரு நாள் பால் இல்லை. மறுநாள் பால் உண்டு, தயிர் இல்லை. நாவு அடங்குகிறது, உடலும் வறுமையுறவில்லை. நீண்ட நியமம் கொள்வோர், பாலை விடும் பருவத்தில் பிற வழிகளை அடைக்காதிருக்க வேண்டும். கேழ்வரகு, கம்பு, தோல் நீக்காத பயறு வகைகள், பாதாம் பருப்பு, எள் ஆகியவற்றை உணவில் சேர்க்கலாம். கீரை விலக்கில்லாத மாதங்களில் முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் உத்திரமேரூர்ப் பகுதித் தோட்டங்களில் விலையின்றிக் கிடைப்பவை. தீட்டிய வெள்ளரிசிக்கு மாற்றாகப் புழுங்கலரிசி கொள்வது நன்று. பருப்பு விரைவில் வேக வேண்டும் என்று ஆப்பச்சோடா இடுவதைத் தவிர்க்க வேண்டும். காரம் இவ்வைட்டமினை அழிக்கும். வெளிச்சமும் இதனை அழிக்கும். ஆதலால் பாலை வெயில் படும் இடத்தில் கண்ணாடிக் கலத்தில் வைத்தலாகாது.

எண்ணெயும் நெய்யும் நீண்டநாள் முற்றிலும் விலக்கப்படும்போது தோல் வறண்டு போகலாம். எள், நிலக்கடலை, தேங்காய் ஆகியவற்றுள் அவரவர் நியமத்துக்கு உட்பட்டதைச் சிறிதளவு சேர்த்துக்கொண்டால் அக்குறையும் நீங்கும். உப்பை விடுவோர் கடும் வெயிலில் உழைக்கும் நாட்களைத் தவிர்த்து அந்நோன்பை மேற்கொள்வது நலம். வெங்காயமும் பூண்டும் விட்டபின் சுவைக்காக மிளகாயும் புளியும் எலுமிச்சையும் கூடினால் வெடித்த உதடு மேலும் எரியும்; மிளகும் சீரகமும் கொண்டு சமைப்பது மென்மையானது.

பி12 வைட்டமினைப் பற்றியும் ஒரு சொல். செடிகொடிகளில் அது இல்லை. புலால் விலக்கியோருக்குப் பாலும் தயிருமே அதன் இயற்கையான வாயில். உடலில் அதன் சேமிப்புப் பெரிது. ஆகவே சில மாத நோன்பால் குறை தோன்றாது. ஆண்டுக்கணக்கில் பாலை விட்டவர்க்கும் முதியோர்க்கும் அது குறையக்கூடும். கடைவாய்ப் புண், வழவழப்பாகிச் சிவந்த நாக்கு, கால் மரத்துப்போதல், சோர்வு ஆகியவை சேர்ந்து தோன்றினால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இரும்புச்சத்துக் குறைந்த பெண்களுக்கும் கடைவாய் பிளக்கும். கண்ணிமையின் உட்புறம் வெளிறியிருத்தல் அதன் குறி.

வெடித்த உதட்டுக்குப் பூசுவது எது என்னும் வினா சமணருக்குத் தனிச் சிறப்புடையது. ஊரார் கூறும் முதல் மருந்து தேன். மது, புலால், தேன் மூன்றையும் விடுதல் இல்லறத்தாரின் மூலகுணங்களுள் சேர்ந்தது. காஞ்சியோடு தொடர்புபடுத்திப் போற்றப்படும் சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் இதனை வகுத்துரைக்கிறது. தேன் உண்ணாத நா, தேன் பூசிய உதட்டை நக்கினால் நியமம் என்னாகும்? கடையில் விற்கும் உதட்டுப் பசைகளிலும் இதே இடர் உண்டு. பலவற்றில் தேன்மெழுகு கலந்துள்ளது. உறைமீது செரா ஆல்பா என்னும் பெயரில் அது குறிக்கப்படும். லனோலின் என்பது ஆட்டு மயிரிலிருந்து எடுக்கப்படும் கொழுப்பு. சிவப்புச் சாயம் ஊட்டிய பசைகளில் கார்மைன் இருக்கலாம். அது பூச்சிகளை உலர்த்தி எடுக்கும் நிறம், சி.ஐ. 75470 என்னும் எண்ணால் குறிக்கப்படுவது. உயிர்க்கொலை அஞ்சி உணவை மாற்றியவர், அம்மாற்றத்தால் வந்த புண்ணுக்கு உயிர்க்கொலையால் ஆன பசையைப் பூசுதல் பொருந்தாது.

மாற்று எளிது. தூய நெய் ஒரு துளி போதும். நெய்யை விட்ட நாளில் தேங்காயெண்ணெய். எண்ணெயையும் விட்டவர்க்கு மண்ணெண்ணெய் இனத்துக் கனிமப் பொருளிலிருந்து தூய்மைப்படுத்தி எடுக்கப்படும் மணமற்ற வாசலின். உதட்டை நீரால் நனைத்து, ஈரம் முற்றும் உலரும் முன் மெல்லப் பூச வேண்டும். ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதே பூச்சின் பணி. மாலை உணவு முடித்து வாய் கொப்பளித்ததும், கதிரவன் மறையும் முன்பே பூசிவிட்டால் இரவு விரதத்துக்கு ஐயம் எழாது. உரியும் தோலைப் பிய்த்தலாகாது. நெற்கதிர் அடிக்கும் இடத்திலும் மார்கழி, தை மாதப் பனிக்காற்றிலும் துண்டால் வாயை மூடிக்கொள்வது நல்ல காப்பு. சிற்றுயிர் வாயில் புகாமல் காக்கவும் அது உதவும். வைட்டமின் மருந்து வாங்குவோர், பசைக்கூட்டில் அடைத்த குப்பிமாத்திரைகளில் பெரும்பாலானவை விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டினால் ஆனவை என்பதை அறிந்து, சாதாரண மாத்திரையைக் கேட்டுப் பெறலாம்.

வீட்டு மருத்துவத்துக்கு எல்லை உண்டு. கடைவாயில் வெண்மை படர்ந்து எரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். நீரிழிவு உடையோரிடமும், பல் இழந்து வாய்க்கோடு மடிந்த முதியோரிடமும், பல்செட் அணிந்தோரிடமும் அது மிகுதி. நெய்யால் அது ஆறாது. உதட்டில் ஓரிடத்தில் மட்டும் தோன்றிய புண்ணோ தடிப்போ மூன்று வாரம் கடந்தும் ஆறாவிட்டால், குறிப்பாக நெடுநாள் வெயிலில் உழைத்தவருக்கும் புகையிலைப் பழக்கம் இருந்தவருக்கும், உடனே மருத்துவர் காண வேண்டும். புற்றுநோயும் அவ்வாறு தொடங்கக்கூடும். கருவுற்றோர், பாலூட்டுவோர், வளரும் பிள்ளைகள், நீரிழிவுக்கு மருந்து உண்போர் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் நீண்ட நோன்பு ஏற்கலாகாது.

இறுதியாக, இல்லத்துப் பெரியோர் கருத வேண்டியது ஒன்று. விரதம் ஏற்ற இளம்பெண், உதட்டுப் புண்ணைச் சொன்னால் விரதத்தில் உறுதியில்லை என்பார்களோ என்று அஞ்சி மறைக்கிறாள். முதியவர், தம்மால் முடியவில்லை என்று சொல்ல நாணி மறைக்கிறார். தசலட்சண தர்மங்களுள் ஆர்ஜவம் என்பது நேர்மை. உள்ளத்தில் உள்ளதை மறைக்காமை. தபமும் தியாகமும் அதற்குப் பின்னரே வைத்து எண்ணப்படுகின்றன. தீர்த்தங்கரத் தன்மைக்குக் காரணமான பதினாறு பாவனைகளிலும் தியாகமும் தபமும் ஆற்றலுக்கு ஏற்ப என்னும் அடைமொழியோடுதான் சொல்லப்படுகின்றன. ஆற்றலை அளந்து ஏற்பது ஆகமம் இட்ட நெறி. அது சலுகை அன்று. ஆகவே விரதம் ஏற்பவரிடம், "என்ன விட்டாய்?" என்று கேட்கும் பெரியோர், "அதற்கு ஈடாக என்ன உண்கிறாய்? நீர் போதுமா? உடல் எப்படி இருக்கிறது?" என்றும் கேட்க வேண்டும். அக்கேள்வி கேட்கப்படும் இல்லத்தில் விரதம் ஆண்டுதோறும் தொடரும்.

இப்பருவத்தில் நோன்பு ஏற்ற அனைவரும் உடல் நலத்தோடும் உள்ளத் தெளிவோடும் அதனை நிறைவு செய்வார்களாக. அறம் வாழ்க! ஜின தர்மம் ஓங்குக!